அறிமுகமில்லாத மலைப்பகுதியில் பல நாள் பைக் பயணம்: நல்ல வழியைக் கண்டுபிடிப்பது எப்படி, எவ்வளவு திட்டமிடுவது?

தடம்தேடி:

அனைவருக்கும் வணக்கம். காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பும் பயணங்களையே இதுவரை மேற்கொண்டு வந்த நான், இப்போது ஒரு வாரம் நீளும் மலைப் பயணம் ஒன்றுக்கு ஆயத்தமாகி வருகிறேன். எந்த மலைத்தொடருக்குப் போனாலும் கைகொடுக்கக்கூடிய முறையைக் கற்றுக்கொள்ள விரும்புவதால், இடத்தின் பெயரைச் சொல்லாமல் பொதுவாகவே கேட்கிறேன்.

வரைபடச் செயலியில் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் கொடுத்தால், அது நேராக நான்குவழிச் சாலையைக் காட்டுகிறது. நெடுஞ்சாலையைத் தவிர்க்கும்படி அமைத்தால், ஊர்களுக்குள் நுழைந்து, வேகத்தடைகளும் சந்தை நெரிசலும் நிறைந்த தெருக்கள் வழியாக இழுத்துச் செல்கிறது. ஓட்டுவதற்கு இன்பமான சாலை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பது புரிகிறது; அதைத் தேடும் முறைதான் பிடிபடவில்லை. அத்துடன், ஒரு வாரப் பயணத்தை எவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிடுவது என்பதிலும் தெளிவில்லை. அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

சமவுயரக்கோடு:

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதிலேயே சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

வரைபடச் செயலியின் வேலை நேரத்தை மிச்சப்படுத்துவது. சாலையின் வளைவோ அழகோ அதன் கணக்கிலேயே இல்லை. ஆகவே அதனிடம் வழி கேட்பதற்கு முன்னால் நிலவமைப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் வரையப்பட்ட வரைபடம் ஒன்றைப் பெரிய திரையில் திறந்து வையுங்கள். ஓபன்டோபோமேப் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றிலுள்ள உயரத் தரவுகளில் பெரும்பகுதி, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள்கள் ரேடார் கொண்டு பூமியை அளந்ததால் கிடைத்தது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் அளக்கப்பட்டதால், குறுகிய பள்ளத்தாக்குகளில் செங்குத்துச் சரிவுகள் சற்று மழுங்கித் தெரியும். சாலையின் குணத்தை ஊகிப்பதற்கு அதுவே தாராளம்.

முதலில் பார்க்க வேண்டியது, சாலை அந்தக் கோடுகளை ஒட்டிப் போகிறதா, வெட்டிப் போகிறதா என்பது. ஒரே உயரக் கோட்டை ஒட்டி மலையின் இடுப்பைச் சுற்றி வரும் சாலை, ஒவ்வோர் ஓடைக்கும் உள்வாங்கி, ஒவ்வொரு முகட்டுக்கும் வெளியே வளைந்து, நீண்டு விரிந்த வளைவுகளைத் தரும். பிரேக்கை அதிகம் தொடாமல், ஒரே கியரில் தாளம் தப்பாமல் ஓட்டலாம். நெருங்கிய கோடுகளை வெட்டி மேலேறும் சாலையோ கொண்டை ஊசி வளைவுகளாக மடியும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு வடகிழக்கிலிருந்து ஏறும் பக்கத்தில் எண்ணிடப்பட்ட 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. புகைப்படத்தில் மயக்கும் அந்த ஏற்றம், சுமையேற்றிய வண்டியில் கிளட்ச் பிடித்த கை ஓயாத உழைப்பாகும். இரண்டு வகையும் வேண்டும்தான். ஒரு நாள் முழுவதும் கொண்டை ஊசியாகவே அமைந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போக்குவரத்து. பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றை ஒட்டி ஓடும் சாலையில் ஊர்கள் அடுத்தடுத்து வரும், பேருந்தும் லாரியும் அதில்தான் ஓடும். அதே பள்ளத்தாக்கின் எதிர்க்கரையிலோ நடுச்சரிவிலோ மெல்லிய கோடாக இன்னொரு சாலை போகிறதா என்று பாருங்கள். இரண்டு முனையிலும் முதன்மைச் சாலையோடு சேர்ந்துகொள்ளும் அத்தகைய சாலையில், அவ்வூர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் வேலை இருக்காது.

மூன்றாவதாக நான் தேடுவது, வேலை போன பழைய சாலைகளை. சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் மலைக்கு அடியில் 16.9 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைச் சுரங்கம் 1980இல் திறக்கப்பட்டதும், அவசரமாகக் கடப்பவர்கள் எல்லாம் அதற்குள் போய்விட்டார்கள். மேலே 2,106 மீட்டர் உயரக் கணவாய்க்குத் தென்புறமாக ஏறும் ட்ரெமோலா என்னும் பழைய சாலை, கருங்கல் பாவிய 24 கொண்டை ஊசி வளைவுகளோடு, பைக்குக்கும் சைக்கிளுக்கும் என்றே மிச்சமானது போல இருக்கிறது. இமயமலையில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் 2020இல் திறக்கப்பட்ட பிறகு, 3,978 மீட்டர் உயர ரோஹ்தாங் கணவாயும் தன் கட்டாயப் போக்குவரத்தை இழந்தது. வரைபடத்தில் ஒரு சுரங்கத்தின் புள்ளிக்கோட்டைக் கண்டால், அதற்கு மேலே பழைய சாலை எங்கே போகிறது என்று பார்த்துவிடுவது என் வழக்கம். அவற்றில் சிலவற்றுக்கு முன் அனுமதி வேண்டியிருக்கும், சில கைவிடப்பட்டிருக்கும். ஆகவே பார்த்த மாத்திரத்தில் நம்பிவிடக் கூடாது.

வளைவெண்:

சமவுயரக்கோடு அவர்கள் சொன்ன முறையில் நான் முழுக்க உடன்படுகிறேன். ஆனால் ஒரு வாரத்துக்கான பரப்பை முழுவதும் கண்ணால் துழாவுவதற்குப் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. கர்விகர், காலிமோட்டோ போன்ற பைக் வழித்தடச் செயலிகள் அந்தத் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். தன்னார்வலர்கள் வரையும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை அடிப்படையாகக் கொண்ட இவற்றில், எவ்வளவு வளைவு வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

இவ்வகைக் கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், எங்கே பிசகும் என்பதும் விளங்கும். வரைபடத்தில் சாலை என்பது அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கும் கோடு. வளைவை அளப்பதற்கு ஒரு வழி, தொடர்ச்சியான மூன்று புள்ளிகளின் வழியே செல்லும் வட்டத்தின் ஆரத்தைக் காண்பது. ஆரம் சிறியதாக இருந்தால் வளைவு கூர்மையானது. இப்போது ஒரு சாலையைத் தன்னார்வலர் ஒருவர் அவசரமாக, சில புள்ளிகளை மட்டும் வைத்து வரைந்திருந்தால், உண்மையில் நெளிந்து போகும் சாலையும் கணக்கில் நேர்சாலையாகிவிடும். மாறாக, ஜிபிஎஸ் தடுமாற்றத்தோடு பதிவான தடத்தை அப்படியே வரைந்திருந்தால், நேர்சாலைக்கும் வளைவு மதிப்பெண் கூடிவிடும். குடியிருப்புத் தெருக்களின் திருப்பங்களும் சில சமயம் வளைவாகவே எண்ணப்படும். ஆகவே செயலி காட்டும் வழியைச் செயற்கைக்கோள் படத்தின் மீது வைத்து, கோடும் சாலையும் ஒன்றாகப் பொருந்துகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அச்சு வரைபடங்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். மிஷலின் சாலை வரைபடங்களில் காட்சி அழகுள்ள சாலைகளுக்குப் பக்கவாட்டில் பச்சைக் கோடு இட்டிருப்பார்கள். மேசையில் விரித்த தாளில் அந்தப் பச்சைகளைத் தொட்டுத் தொட்டு இணைத்தாலே ஒரு முதல் வரைவு கிடைத்துவிடும். அமெரிக்காவில் பட்லர் என்ற நிறுவனம் பைக் ஓட்டுபவர்களுக்காகவே சாலைகளைத் தரம் பிரித்து வரைபடம் வெளியிடுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சைக்கிள் ஓட்டுபவர்கள் எங்கெல்லாம் அதிகம் போகிறார்கள் என்பதை, உடற்பயிற்சித் தடங்களைப் பதிவு செய்யும் செயலியான ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடம் காட்டுகிறது. லாரிகள் விரையும் சாலையை அவர்கள் இயன்றவரை தவிர்ப்பார்கள் என்பதால், மலைப்பகுதியில் அவர்கள் அடர்ந்து தெரியும் சாலை பெரும்பாலும் நமக்கும் நல்ல சாலைதான்.

தடம்தேடி:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு முழுவதும் சம உயரக் கோடுகளோடுதான் கழிந்தது. நடுச்சரிவில் ஓடும் இரண்டு சாலைகளும், ஒரு கணவாயும் கண்ணில் பட்டிருக்கின்றன. ஆனால் அவற்றின் தற்போதைய நிலை என்ன என்பதை எப்படி அறிவது? மேலும், மூன்றாம் நாள் வழியைச் செயலியில் இட்டுப் பார்த்தபோது 310 கிலோமீட்டர், 6 மணி நேரம் என்று காட்டியது. அதை நம்பி அந்த நாளை அமைக்கலாமா?

சரளைச்சாலை:

சாலையின் நிலையை அறிவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலையைச் சொடுக்கினால், அதன் மேற்பரப்பு தாரா, சரளையா, மண்ணா என்று பல சாலைகளுக்குக் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பு கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதையும் வரலாற்றுப் பகுதியில் பார்க்கலாம். செயற்கைக்கோள் படத்தில் தார்ச் சாலை சீரான அகலத்தோடு ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். மண்சாலை வெளிறி, ஓரம் கலைந்து, அகலம் மாறி மாறித் தெரியும். ஓரிடத்தில் மட்டும் சாலை வெளிறிப் போய், அதற்கு நேர் மேலே மலைச்சரிவில் மரங்களற்ற ஒரு கீறல் இருந்தால், அது மண்சரிவு நடந்த இடம் என்று கொள்ளலாம். வீதிக் காட்சிப் படங்களின் மூலையில் அவை எடுக்கப்பட்ட மாதமும் ஆண்டும் இருக்கும். பல ஆண்டுகளுக்கு முந்தைய படத்தில் பளபளக்கும் சாலை, இன்றைய சாலைக்குச் சான்றாகாது.

இவை எல்லாவற்றையும் விட மேலானது, அந்த வழியில் இருக்கும் தங்கும் விடுதிக்கோ பட்டறைக்கோ தொலைபேசியில் பேசுவது. அப்போதும் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "சாலை நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால், தினமும் அதில் போய்வரும் மனிதர் நன்றாகத்தான் இருக்கிறது என்பார், அவருக்கு அது பழகிய சாலை. "நேற்று பேருந்து மேலே போனதா?", "சிறிய கார்கள் வருகின்றனவா?", "எந்த இடத்தில் வேலை நடக்கிறது, எத்தனை மணிக்கு வண்டிகளை நிறுத்துகிறார்கள்?" என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும்.

உயரமான கணவாய்களுக்குக் காலண்டரும் முக்கியம். 2,757 மீட்டர் உயர ஸ்டெல்வியோவும், ருமேனியாவில் 2,042 மீட்டர் வரை ஏறும் டிரான்ஸ்ஃபகராஷான் சாலையும் பனிக்காலம் முழுவதும் மூடப்பட்டிருக்கும். எப்போது திறப்பார்கள் என்பது அந்த ஆண்டின் பனியைப் பொறுத்தது என்பதால், சென்ற ஆண்டுத் தேதியை வைத்துத் திட்டமிடாமல், சாலைத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கணவாய் ஒன்று உங்கள் வழியில் இருப்பதால் இதையும் விரிவாகச் சொல்கிறேன். பனிமலைகளில் பாலமில்லாமல் சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடைகள் இருக்கும். இரவில் குளிரில் உருகல் நின்றுவிடுவதால் விடியற்காலையில் அவற்றில் நீர் மிகக் குறைவு; கணுக்கால் அளவில் கூழாங்கற்கள் தெளிவாகத் தெரியும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, அந்த நீர் இறங்கி வந்து சேரும் பிற்பகலில் அதே ஓடை கலங்கி, முழங்காலைத் தாண்டி, உள்ளே இருக்கும் கற்கள் உருளும் ஓசை கேட்கும் அளவுக்கு வேகமாக ஓடும். வரைபடத்தில் அது வெறும் நீலக் கீற்று. காலை 8 மணிக்கு ஐந்தே நிமிடத்தில் கடக்கும் இடத்தை மாலை 4 மணிக்குக் கடக்கவே முடியாமல் போகலாம். ஆகவே கணவாய் நாளை அமைக்கும்போது, ஓடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, மற்றதை அதற்கு ஏற்றாற்போல் அமைக்க வேண்டும். மலைகளில் இடிமழை பிற்பகலில்தான் கூடும் என்பதும் அதிகாலையில் கிளம்புவதற்கு இன்னொரு காரணம்.

நெடுவழிப்பயணி:

அந்த 6 மணி நேரத்தை நம்பாதீர்கள். பயணத் திட்டத்தைக் கிலோமீட்டரில் போடும் பழக்கத்தை விட்டு, மணிக் கணக்கில் போடப் பழக வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது உண்டு.

உங்கள் 310 கிலோமீட்டரையே பிரித்துப் பார்ப்போம். அதில் 90 கிலோமீட்டர் நல்ல சமவெளிச் சாலை என்று கொண்டால், சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை மணி நேரம். மீதி 220 கிலோமீட்டர் மலைச்சாலையில், சுமையோடு, சராசரி 40 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு ஐந்தரை மணி நேரம். சக்கரம் உருளும் நேரமே 7 மணி ஆகிவிட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் இறங்கி நடப்பது, சாப்பாடு, பெட்ரோல் என்று இன்னும் 2 மணி நேரம். படம் எடுப்பதற்கும், வழியில் காத்திருப்பதற்கும், மழைக்கோட்டு மாட்டிக் கழற்றுவதற்கும் ஒரு மணி நேரம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் மாலை 5 மணி. பள்ளத்தாக்குகளில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் முன்னதாகவே இறங்கிவிடும் என்பதால், கடைசி வளைவுகளை நிழலில், களைத்த கண்களோடு ஓட்ட வேண்டியிருக்கும். கால்நடைகளும் காட்டு விலங்குகளும் சாலைக்கு வரும் நேரமும் அதுதான். பல நாள் பயணத்தில் மூன்றாம் நாள் உடல் தளரத் தொடங்கும் நாள். அதை 200 கிலோமீட்டருக்குள் அடக்கிவிட்டால், அடுத்த நாளும் உற்சாகமாக வண்டியில் ஏறுவீர்கள்.

குளிரையும் கணக்கில் சேருங்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 10 டிகிரிக் குளிரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, மூடப்படாத தோலுக்கு அது ஏறத்தாழ 4 டிகிரியாகத் தோன்றும். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்கும் நுட்பம் போய்விடும். காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் நீண்ட நேரம் ஓட்டும்படி நாளை அமைக்காதீர்கள். தாழ்ந்த வெயில் ஹெல்மெட் கண்ணாடியில் பட்டால் எதிரே வருவது எதுவும் தெரியாது.

பெட்ரோல் கணக்கு எளிது, ஆனால் கண்டிப்பானது. டேங்கின் கொள்ளளவை மைலேஜால் பெருக்கி, அதில் 80 சதவீதத்தை மட்டுமே உங்கள் எல்லையாகக் கொள்ளுங்கள். மலையேற்றத்தில் குறைந்த கியரில் மைலேஜ் விழும். அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையில் கோல்டுஃபுட்டிலிருந்து டெட்ஹார்ஸ் வரை ஏறத்தாழ 385 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடைக்காது. 15 லிட்டர் டேங்கும் 25 கிலோமீட்டர் மைலேஜும் உள்ள வண்டிக்கு 80 சதவீதக் கணக்கில் 300 கிலோமீட்டர்தான் வரும் என்பதால், கேன் இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது. உங்கள் வழியில் அவ்வளவு நீண்ட இடைவெளி இருக்காது. இருந்தாலும் பங்க் இருக்கும் ஊர்களையெல்லாம் குறித்து, அவற்றில் ஒன்று மூடியிருந்தால் அடுத்ததுக்குப் போய்ச் சேர முடியுமா என்று பாருங்கள்.

திசைகாட்டி:

மேலே எழுதிய அனைவரையும் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்தே முடிவு செய்துவிட்டால், பயணத்தில் நாம் செய்வது ஏற்கெனவே போட்ட கோட்டின் மேல் வண்டியை ஓட்டுவது மட்டும்தானே? எந்தத் திசை, எந்த மலைத்தொடர் என்பதை மட்டும் தீர்மானித்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் மறுநாள் வழியை அங்கே சந்திப்பவர்களிடம் கேட்டு அமைத்துக்கொள்வதே என் வழக்கம். எதிர்த் திசையிலிருந்து அன்று மாலை வந்து சேர்ந்த பைக்காரர் சொல்லும் செய்தியை எந்தச் செயற்கைக்கோள் படமும் தராது. ஒவ்வோர் இரவுக்கும் அறை பதிவு செய்துவிட்டவர், மழை கொட்டினாலும் அந்த அறையைத் துரத்திக்கொண்டு போக வேண்டியவராகிறார். விபத்துக்கு அதுவும் ஒரு காரணமாகிறது.

நெடுவழிப்பயணி:

திசைகாட்டி அவர்கள் அறைப் பதிவைப் பற்றிச் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். முதல் இரவையும், அதைவிட்டால் வேறு தங்குமிடமே இல்லாத ஊர் எதுவும் இருந்தால் அந்த இரவையும் மட்டும் பதிவு செய்தால் போதும். ஏழு நாள் பயணத்தில் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் காலியாக விடுங்கள். மழை வந்தால் அது காத்திருக்கும் நாள், வராவிட்டால் பிடித்த இடத்தில் தங்கும் நாள்.

ஆனால் நுணுக்கமாகத் திட்டமிட்டால் சுதந்திரம் போய்விடும் என்பதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு நாளின் வழியிலும் இரண்டு இடங்களை நான் குறித்துக்கொள்வேன்: அங்கிருந்து மலையை விட்டு விலகி, முதன்மைச் சாலைக்கு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்ற இடங்கள். அத்துடன், இத்தனை மணிக்குள் இந்தச் சந்திப்பைத் தாண்டாவிட்டால் மேலே போவதில்லை என்று ஒரு நேரமும் குறித்துக்கொள்வேன். இவை கையில் இருப்பதால்தான், வழியில் தென்படும் பெயர் தெரியாத கிளைச்சாலைக்குள் துணிந்து வண்டியைத் திருப்ப முடிகிறது.

பின்னிருக்கை:

நான் ஓட்டுவதில்லை, பெரும்பாலும் பின்னால் அமர்ந்து செல்பவள். திட்டமிடுபவர்கள் இருவர் செல்லும் வண்டியை மறந்துவிடுவதால் எழுதுகிறேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு முறையும் பிரேக் பிடிக்கும்போது முன்னால் சரிந்து, ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது பின்னால் இழுபடுவது பின்னிருப்பவரின் முதுகுதான். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதை எங்களுக்காக ஒரு மணி நேரமாக்குங்கள். நிறுத்துமிடங்களை முன்கூட்டியே குறிக்கும்போது, வண்டியைச் சமதரையில் நிறுத்தவும், கழிவறைக்குச் செல்லவும் வசதியுள்ள இடமா என்று பாருங்கள்; காட்சி முனைகளில் இரண்டும் இல்லாமல் போவது வழக்கம்.

காட்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இடதுபுறமாக வண்டி ஓட்டும் நாடுகளில் ஒரு தீவை வலஞ்சுழியாகச் சுற்றி வந்தால், கடல் நம் பக்கத்திலேயே இருக்கும். எதிர் வண்டிகளின் தடுப்பு இல்லாமல் பார்க்கலாம், சாலையைக் குறுக்கே கடக்காமல் ஒதுங்கி நிற்கவும் செய்யலாம். வலதுபுறமாக ஓட்டும் நாடுகளில் இது தலைகீழ். மலைச்சாலையில் பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் என்பதற்கும் இதே கணக்குதான், ஆனால் உயரத்தைக் கண்டால் தலைசுற்றுபவர் பின்னால் இருந்தால் எதிர்த் திசையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தடப்பதிவு:

வழியைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, அதை வண்டியில் இருக்கும் கருவிக்குச் சரியாகக் கொண்டு சேர்ப்பது தனி வேலை.

வழித்தடங்களைச் சேமிப்பதற்கென 2002இல் அறிமுகமான ஜிபிஎக்ஸ் கோப்பில் மூன்று வகைத் தகவல்கள் இருக்கலாம்: தனிப் புள்ளி, ரூட், டிராக். ரூட் என்பது வரிசையான சில புள்ளிகள் மட்டுமே. அவற்றுக்கு இடையே எந்தச் சாலை என்பதைக் கருவி தன்னிடமுள்ள வரைபடத்தையும் தன் அமைப்பையும் வைத்துப் புதிதாகக் கணக்கிடும். கணினியில் நீங்கள் பார்த்துப் பார்த்து வரைந்த நடுச்சரிவுச் சாலையை, கருவி சத்தமில்லாமல் ஆற்றங்கரை நெடுஞ்சாலையாக மாற்றிவிடுவது இதனால்தான். டிராக் என்பதோ நெருக்கமான புள்ளிகளால் ஆன மாறாத கோடு. கருவி அதை அப்படியே காட்டும். ஆகவே டிராக்கைத் திரையில் ஒரு நிறத்தில் எப்போதும் தெரியும்படி வைத்து, அதன் மேல் ரூட்டை ஓட்டுங்கள். இரண்டும் பிரியும் இடத்தில் எது உங்கள் சாலை என்பது பார்த்தவுடன் விளங்கும்.

புள்ளிகளிலும் இரண்டு வகை உண்டு. கட்டாயம் தொட்டுச் செல்ல வேண்டிய புள்ளி ஒரு வகை, வழியை இழுத்து வளைப்பதற்காக மட்டும் வைக்கும் புள்ளி இன்னொரு வகை. பெட்ரோல் பங்கின் மேல் கட்டாயப் புள்ளி வைத்துவிட்டு, அங்கே நிற்காமல் சாலையிலேயே நேராகப் போனால், கருவி அடுத்த பல கிலோமீட்டருக்குத் "திரும்பிச் செல்லவும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். முன்னால் போகும் வண்டி குழம்பி நின்றால் பின்னால் வருபவர்களுக்கும் ஆபத்து. கட்டாயப் புள்ளிகளை மிகக் குறைவாக வையுங்கள், வைப்பவற்றையும் சாலையின் நடுவிலேயே வையுங்கள். நடுவில் தடுப்புள்ள சாலைகளில் எதிர்த் திசைத் தடத்தில் புள்ளி விழுந்துவிடாமல் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கோப்பு வைத்துக்கொள்வது நல்லது. ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற ஆஃப்லைன் வரைபடங்களை வீட்டிலேயே தரவிறக்கி, இணையத்தை அணைத்துவிட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கைப்பேசியை ஹேண்டில்பாரில் பொருத்துவதாக இருந்தால், அதிர்வைக் குறைக்கும் தாங்கி அவசியம். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் தொடர்ந்த அதிர்வு கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் அறிவுறுத்தியிருக்கிறது. குழுவில் ஒருவராவது அச்சு வரைபடம் வைத்திருக்கட்டும்.

தடம்தேடி:

எல்லோருடைய பதிலையும் வைத்துத் திட்டத்தை முழுவதும் மாற்றி எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் 190 கிலோமீட்டராகிவிட்டது. ஐந்தாம் நாளைக் காலியாக விட்டிருக்கிறேன். கணவாய் நாளில் மட்டும் ஒரு சிக்கல். 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரிலிருந்து காலையில் கிளம்பி, 4,100 மீட்டர் கணவாயைத் தாண்டி, மறுபுறம் 3,300 மீட்டரில் இருக்கும் ஊரில் தங்குவதாகத் திட்டம். சரளைச்சாலை அவர்கள் சொன்னதை வைத்துத் தேடியபோது, பாலமில்லாத ஓடை ஒன்று கணவாய்க்கு அப்பால், அந்த 3,300 மீட்டர் ஊருக்கு 12 கிலோமீட்டர் முன்னால் இருப்பது தெரிந்தது. எவ்வளவு விரைவாகக் கிளம்பினாலும் அங்கே சேர்வதற்குப் பிற்பகல் 2 மணி ஆகிவிடும். கணவாயையே விட்டுவிடுவதா?

சமவுயரக்கோடு:

விட வேண்டாம், சுற்றையே திருப்பிப் போடுங்கள்.

ஓடையை விடப் பெரிய சிக்கல் உயரம். 3,000 மீட்டருக்கு மேலே போகும்போது, உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. உங்கள் திட்டப்படி 1,900 மீட்டரில் உறங்கியவர் மறுநாள் இரவு 3,300 மீட்டரில் உறங்குகிறார். கணவாயைத் தாண்டியதும் தலைவலியும் வாந்தியும் தொடங்கினால், கீழே இறங்குவதற்குக் குறுக்கே பெருகிய ஓடை நிற்கும்.

மறுபுறத்துப் பள்ளத்தாக்கு சீராக ஏறுவதை வரைபடத்தில் பாருங்கள். அந்தப் பக்கமாக நுழைந்து, 2,400, 2,900, 3,300 மீட்டர் என்று மூன்று இரவுகள் படிப்படியாக ஏறித் தங்கலாம். கணவாய் நாளன்று வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் 12 கிலோமீட்டரில் ஓடை. சரளைச் சாலையாக இருந்தாலும் முக்கால் மணி நேரத்தில் சேர்ந்துவிடுவீர்கள், நீரும் அப்போது குறைவாக இருக்கும். முற்பகலிலேயே கணவாயைத் தாண்டி, இடிமழைக்கு முன்னால் இறங்கத் தொடங்கி, இரவு 1,900 மீட்டரில் நன்றாக உறங்கலாம். ஓடை அன்று காலையிலேயே பெருகியிருந்தால், 3,300 மீட்டர் ஊருக்கே திரும்பிவிடுங்கள். ஏறி வந்த பள்ளத்தாக்கு வழியாக இறங்குவதற்கு உங்கள் காலி நாள் கையில் இருக்கிறது. அதற்காக அந்தக் காலி நாளை ஐந்தாம் நாளாக வைக்காமல், கணவாய்க்கு அடுத்த நாளாக மாற்றிவிடுங்கள்.

புதிய சுற்றின் ஜிபிஎக்ஸ் கோப்பை இங்கே இணைத்தால், கணவாயின் இருபுறமும் மேற்பரப்புக் குறிப்புகளை நானும் ஒருமுறை சரிபார்த்துச் சொல்கிறேன்.